ஃப்ளின்ட்லாக்: சிக்கிமுக்கித் துப்பாக்கி என்றால் மட்டும் போதுமா?

பழைய ராணுவ மஸ்கட்டைப் (தோளில் வைத்துச் சுடும் நீண்ட குழல் துப்பாக்கி) பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ஃப்ளின்ட்லாக் என்ற சொல்லைச் ‘சிக்கிமுக்கித் துப்பாக்கி’ என்று பெயர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பாதிச் சொல் விட்டுப்போகிறது. ஃப்ளின்ட் என்றால் சிக்கிமுக்கிக் கல். லாக் என்பது துப்பாக்கியின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் சுடும் பொறி, அதாவது குதிரை (கல்லைப் பிடித்திருக்கும் சுத்தி போன்ற உறுப்பு), எஃகுத் தகடு, வெடிமருந்துக் கிண்ணம், ஸ்பிரிங்குகள் எல்லாம் சேர்ந்த அமைப்பு. குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் கல் தகட்டை உரசித் தீப்பொறி சிந்தும், அது கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்கும், அந்த நெருப்பு குழலின் பக்கத்திலுள்ள பற்றுத் துளை என்ற சிறு துளை வழியாக உள்ளே பாயும். 1610-ஐ ஒட்டி பிரான்சில் உருவான இந்த ஏற்பாடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் படைகளில் நின்றது.

சிக்கிமுக்கி நம் இரட்டைக்கிளவி போலக் காதில் விழுந்தாலும், நெருப்புத் தட்டுவதைக் குறிக்கும் ‘சக்மக்’ என்ற துருக்கிச் சொல்தான் உருது வழியாக இங்கே வந்தது, சக்கிமுக்கி என்ற வடிவத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். துப்பாக்கியும் துருக்கி வழிச் சொல்லே. பிரெஞ்சுக்காரர்களின் ‘ஃபுஸில்’ முதலில் குறித்தது கல்லை அல்ல, நெருப்புத் தட்டும் எஃகை! தனித்தமிழ் வேண்டுபவர்கள் தீக்கல் எனலாம். எனக்குச் சிக்கிமுக்கியே போதும், எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் லாக்கை விடக்கூடாது. அதை அப்படியே ‘பூட்டு’ என்று பெயர்த்தால் கதவுதான் நினைவுக்கு வரும், ‘விசை’ சரியாகப் பொருந்துகிறது. எனவே சிக்கிமுக்கி விசைத் துப்பாக்கி.

இதை வலியுறுத்தக் காரணம், ஒரு பழைய மஸ்கட் அசலா என்று பார்க்கும்போது அதிகம் ஏமாற்றுவது அந்த விசைதான். 1830-கள், 40-களில் தொப்பி வெடி (குதிரை அடித்ததும் வெடிக்கும் சிறு உலோக மூடி) வந்ததும் படைகள் ஏராளமான பழைய துப்பாக்கிகளின் கிண்ணத்தையும் தகட்டையும் கழற்றிவிட்டுப் புது முறைக்கு மாற்றின. பிற்காலத்தில் சேகரிப்பாளர்களிடம் சிக்கிமுக்கிக்கு மதிப்பு கூடியதால், அதே துப்பாக்கிகளைப் புதிதாகச் செய்த உறுப்புகளைப் போட்டுப் பழையபடி திருப்பியவர்கள் உண்டு. விசைப் பலகையில் (விசையின் உறுப்புகளைத் தாங்கும் உலோகத் தகடு) அடைத்த திருகுத் துளைகள் தெரிகிறதா, பலகை தேய்ந்து முத்திரை மங்கியிருக்க குதிரை மட்டும் கூர்மையாக நிற்கிறதா, குழலில் பற்றுத் துளையைச் சுற்றி அடைப்பின் வட்ட விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். பலமுறை சுட்ட துப்பாக்கியில் கிண்ணத்தை ஒட்டிய இரும்பு அரித்திருக்கும், பக்கத்து மரமும் கருகியிருக்கும். ஒன்று அரித்து, ஒட்டியிருக்கும் மற்றது வழவழவென்று இருந்தால் இரண்டும் சேர்ந்து வாழ்ந்தவை அல்ல.

ஆனால் மாறிய உறுப்பெல்லாம் மோசடி என்று முடிவுகட்டவும் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவாகி 1790-களில் பிரிட்டிஷ் படையும் எடுத்துக்கொண்ட இந்தியா பேட்டர்ன் என்ற மஸ்கட் வகையில், அன்னக் கழுத்துக் குதிரைக்குப் பதில் 1809-ல் வலுவான வளையக் கழுத்துக் குதிரை வந்தது. பழைய துப்பாக்கியில் புதுக் குதிரை இருந்தால் அது படைக் கொல்லன் செய்த பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம், அதுவும் அதன் வரலாறுதான். இந்த வகையின் குழல் 39 அங்குலம், அதன் உள்விட்டம் சுமார் முக்கால் அங்குலம். அளந்து பாருங்கள், குழல் குட்டையாக இருந்தால் யாரோ வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், தயவுசெய்து பளபளப்பாகத் தேய்க்காதீர்கள். இரும்பின் பழுப்பும் பித்தளையின் மங்கலும் நூற்றாண்டுகளாகப் படிந்தவை, ஒருமுறை போனால் திரும்பாது, முத்திரைகளும் கூடவே தேய்ந்துவிடும். செந்துரு இருந்தால் மட்டும் எண்ணெய் தடவி மெல்லத் துடைத்தால் போதும்.

இதையெல்லாம் தொடங்கும் முன்பே செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. குழலின் வாயை உங்கள் பக்கம் திருப்பாமல் ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெல்ல விட்டு, அது போன ஆழத்தைக் குழலின் வெளிப்பக்கத்தோடு வைத்து ஒப்பிடுங்கள். பற்றுத் துளைக்குச் சில அங்குலம் முன்பே குச்சி நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இன்னும் இருக்கலாம். பழைய வெடிமருந்து உலர்ந்திருந்தால் இன்றும் பற்றும், அதனால் குதிரையைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.