பிராசஸர் கெடாது என்று யார் சொன்னது?

போன வாரம் ஒரு தம்பி தன் கேமிங் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லூரி மாணவன். நான்கு மாதமாக எந்த கேமைத் திறந்தாலும் ஷேடர் (காட்சியை வரையச் சொல்லும் சிறு நிரல்கள்) ஏறும்போதே கிராஷ் ஆகிறது என்றான். அந்த நான்கு மாதத்தில் கிராபிக்ஸ் கார்டை இரண்டு தடவை மாற்றியிருக்கிறான். ரேமை மாற்றியிருக்கிறான். பவர் சப்ளையையும் விட்டுவைக்கவில்லை. விண்டோஸை எத்தனை தடவை ஃபார்மட் பண்ணினாய் என்று கேட்டேன். "எண்ணுறதையே விட்டுட்டேன் அண்ணா" என்றான். பிராசஸரை ஏன் சந்தேகப்படவில்லை என்றேன். "அதெல்லாம் கெடாதுன்னு எல்லாருமே சொன்னாங்க அண்ணா."

அந்த ‘எல்லார்’ மேல்தான் எனக்குக் கோபம். இந்த ஒரு மாதத்தில் இதே பேச்சோடு என் மேசைக்கு வந்த மூன்றாவது கணினி இது. மூன்றிலும் கெட்டிருந்தது பிராசஸர். மூன்று பேருமே அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பணமும் பொறுமையும் தீர்ந்த பிறகு வந்தவர்கள்.

பிராசஸர் ஒன்று வேலை செய்யும், இல்லாவிட்டால் ஒரேயடியாகச் செத்துப்போகும், நடுவில் ஒரு நிலையே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். வேலை தெரிந்தவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் இது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருந்தது. தாங்கக்கூடிய வேகத்துக்கு நன்றாகக் கீழேதான் பிராசஸரை ஓட வைப்பார்கள். நானும் என் முதல் பத்து வருடத்தில் கெட்ட பிராசஸரை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்தேன். இன்றைக்கு அப்படியில்லை. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதுமே அது தன் எல்லையை ஒட்டித்தான் ஓடுகிறது. அந்த இடைவெளி குறைந்துபோனதால், கொஞ்சம் தேய்ந்தாலும் பிழை வெளியே வந்துவிடுகிறது.

அதுவும் முழு பிராசஸரும் தேய வேண்டியதில்லை. பிராசஸருக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகளைத்தான் கோர் என்கிறோம். இருபது கோரில் ஒரு கோர் போதும். அந்தக் கோரிலும் ஒரு குறிப்பிட்ட கணக்கு, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தப்பலாம். 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் டேட்டா சென்டரில் கண்டுபிடித்த ஒன்றை வெளியிட்டார்கள். சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும்போது சில கோப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தோண்டிக்கொண்டே போனதில் ஒரு பிராசஸரின் ஒரே ஒரு கோரில் வந்து நின்றது. 1.1ஐ 53ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் முழு எண்ணாக 156 வர வேண்டும். அந்தக் கோர் 0 என்றது. 52ஆம் அடுக்கைக் கேட்டால் 142 என்று சரியாகச் சொன்னது. கிராஷ் இல்லை, எச்சரிக்கை இல்லை, மற்ற எல்லாக் கணக்கும் சரி. அதே ஆண்டில் கூகுள் பொறியாளர்களும், சில ஆயிரம் கணினிகளுக்கு ஒரு சில கோர்கள் இப்படி இருப்பதாக எழுதினார்கள். அதனால் ‘கணினி ஆன் ஆகுதே, படம் ஓடுதே, அப்ப பிராசஸர் நல்லாத்தான் இருக்கு’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வீட்டுக் கணினிக்கும் இது புதிதில்லை. இன்டெல்லின் 13ஆம் தலைமுறை 2022 அக்டோபரிலும், 14ஆம் தலைமுறை 2023 அக்டோபரிலும் வந்தன. அந்த டெஸ்க்டாப் பிராசஸர்களில், குறிப்பாக உயர்ரக ஐ9 மாடல்களில், கேம்கள் கிராஷ் ஆவதாக 2024 தொடக்கத்தில் புகார்கள் குவிந்தன. அந்த ஜூலையில் இன்டெல்லே காரணத்தைச் சொன்னது: பிராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடு என்ற கட்டுப்பாட்டு நிரல் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அதிக வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்து கோருக்குள் வேகத் தாளம் தரும் க்ளாக் சர்க்யூட்டை மூப்படையச் செய்கின்றன, அதனால் அந்தக் கோர் ஒழுங்காக ஓடத் தேவைப்படும் குறைந்தபட்ச வோல்டேஜ் ஏறிவிடுகிறது என்பது செப்டம்பரில் வந்த முழு விளக்கம். 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், பிறகு 2025 மே மாதத்திலும் மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன. இவை வருமுன் காப்பவை மட்டுமே. இவை மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் வழியாக வருகின்றன. ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை எந்த பயாஸ் அப்டேட்டும் சரிசெய்யாது. போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கமும் பிரச்சினை வராமல் இல்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டிலேயே கருகிய செய்திகள் வந்த பிறகுதான், பயாஸ் வழியாக எஸ்ஓசி வோல்டேஜுக்கு (மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போவது) 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டார்கள்.

பிறகு ஏன் எல்லாரும் கிராபிக்ஸ் கார்டையே பிடிக்கிறார்கள்? திரையில் வரும் வாசகம் அப்படி. 16 ஜிபி கார்டு மாட்டியிருக்கும் கணினியில் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வந்து கேம் மூடிக்கொள்ளும். இதைப் படிக்கிற எவரும் கார்டைத்தான் சந்தேகப்படுவார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஷேடர்களை விரித்துத் தயார் செய்து கார்டுக்குக் கொடுப்பது பிராசஸர். அது தப்பும் தவறுமாக விரித்துக் கொடுத்ததை கேம் புரிந்துகொள்ள முடியாமல், கைக்குக் கிடைத்த பிழைச் செய்தியைப் போட்டுவிட்டு வெளியேறுகிறது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செய்தி வந்தால் இன்டெல்லை அணுகுங்கள் என்று 2024 ஏப்ரலில் கிராபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவே சொல்லவேண்டி வந்தது.

இன்னொரு வாசகம், விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் வரும் ‘கெர்னல்-பவர் 41’. பவர் என்ற சொல்லைப் பார்த்ததுமே பவர் சப்ளையைக் கழற்றுகிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் கணினி மறுபடி ஆன் ஆனது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். காரணம் அதில் இல்லை. நீங்கள் தேட வேண்டியது ‘டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர்’ என்ற பெயரில் வரும் 18, 19 எண் பதிவுகளை. 18 என்றால் தாங்க முடியாத வன்பொருள் பிழை, 19 என்றால் சமாளித்துத் திருத்திக்கொண்ட பிழை. திறந்து பார்த்தால் எந்தக் கோர் என்பதைக் காட்டும் ‘ஏபிஐசி ஐடி’ இருக்கும். தம்பியின் கணினியில் 18 பதினோரு தடவை இருந்தது. அதில் ஒன்பதில் ஒரே ஐடி. நான்கு மாதமாக அந்தக் கணினி தன் நோயைத் தானே எழுதி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

சரி, பதிவு மட்டும் சாட்சி ஆகாது. நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பயாஸை இயல்புநிலைக்குக் கொண்டுவந்தேன். ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை அணைத்தேன். வெப்பம் பார்த்தேன், சரியாக இருந்தது. ரேமை ஒவ்வொரு துண்டாக மாட்டி இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. அப்புறம் என்னிடம் இருக்கும் ஒரு 30 ஜிபி சுருக்கிய கோப்பை எடுத்து, கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் செவன்-ஜிப்பில் ‘டெஸ்ட்’ கொடுத்தேன். அதே கோப்பு வேறொரு கணினியில் எத்தனை தடவை ஓட்டினாலும் பிழை காட்டாது. இங்கே முதல் தடவை உள்ளே இருந்த ஒரு கோப்பில் சிஆர்சி பிழை, அதாவது விரித்தது மூலத்தோடு பொருந்தவில்லை. இரண்டாவது தடவை அந்தக் கோப்பு சரி, வேறொன்றில் பிழை. மூன்றாவது தடவை சுத்தம். நான்காவது தடவை மறுபடி. தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பு கெட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தானே தடுக்க வேண்டும்? பிழை இடம் மாறுகிறது என்றால், படிக்கும் தாளில் குறை இல்லை, படிக்கிறவரிடம் குறை என்று சொன்னேன். புதிய கிராபிக்ஸ் டிரைவர் பாதி இன்ஸ்டாலில் நின்றுபோவதும் பெரும்பாலும் இதே கதைதான். அதுவும் ஒரு சுருக்கிய பொதி.

அடுத்து பயாஸில் உச்ச வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் மட்டும் குறைத்தேன். வேறெதையும் தொடவில்லை. அதே கோப்பை பத்து தடவை ஓட்டினேன், பத்தும் சுத்தம். கேமும் ஓடியது. கடைசியாக அதே சாக்கெட்டுக்குப் பொருந்தும் நல்ல பிராசஸர் ஒன்றை மாட்டி, வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினேன். அதுவும் சுத்தம். மதர்போர்டு மேல் இருந்த சந்தேகமும் அத்தோடு போனது.

வேகத்தைக் குறைத்தது நோய் எங்கே என்று தெரிந்துகொள்ள. அதையே மருந்தாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தேய்மானம் நிற்காது. இன்றைக்கு 200 குறைத்தால் போதும், ஆறு மாதத்தில் 400 கேட்கும். அதற்குள் வாரண்டியும் முடிந்துவிடும்.

"ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரு மணி நேரம் தாங்குச்சே" என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கோரும் ஒன்றாக உழைக்கும்போது பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போதுதான் உச்ச வேகத்துக்கும் உச்ச வோல்டேஜுக்கும் ஏறுகிறது. தேய்ந்த கோர் தடுக்கி விழுவதும் அங்கேதான். அதனால்தான் கனமான டெஸ்டில் நிற்கிற கணினி, பிரவுசரில் ஒரு டேப் திறந்ததும் விழுகிறது. ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும் கோர்சைக்ளர் போன்ற கருவியை ஓர் இரவு ஓடவிடுங்கள். எல்லாக் கோரையும் சேர்த்து ஓட்டிய டெஸ்டில் பாஸ் ஆனது என்று மட்டும் சொல்லிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

இனி, இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி வைத்திருப்பவர்களுக்கு. பயாஸை இன்றைக்கே பாருங்கள். வாங்கிய நாளில் இருந்த பயாஸோடு இரண்டு வருடம் ஓட்டுவது அலட்சியம். 13, 14ஆம் தலைமுறை என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அதிலேயே ‘இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பல ஐ9 மாடல்களுக்கு 253 வாட் என்று வரம்பு இருக்க, பல மதர்போர்டுகள் அதை 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல், திறந்துவிட்டு வந்தன. அதை யாரும் உங்களிடம் கேட்டுச் செய்யவில்லை. கிராஷ் ஆகிக்கொண்டிருக்கும் கணினியில் விண்டோஸுக்குள் இருந்தபடி பயாஸ் அப்டேட் செய்யாதீர்கள், பாதியில் விழுந்தால் மதர்போர்டும் போகும். பென் டிரைவில் போட்டு பயாஸுக்குள் போய் ஏற்றுங்கள், அல்லது போர்டில் அதற்கென்று இருக்கும் பட்டனைப் பயன்படுத்துங்கள்.

பிராசஸரைக் கழற்றினால், மேலே பொறித்திருக்கும் எண் அழிகிற மாதிரி தெர்மல் பேஸ்டைச் சுரண்டாதீர்கள். அந்த எண் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை. சாக்கெட் பின்களை அப்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள். 13, 14ஆம் தலைமுறையில் பெட்டியோடு வாங்கிய, பாதிப்புக்கு உள்ளான மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக நீட்டியிருக்கிறது. ‘காலம் முடிஞ்சிருக்கும்’ என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு புதிதாக வாங்காதீர்கள், பில்லைத் தேடி எடுங்கள். கணினியோடு சேர்ந்து வந்த பிராசஸர் என்றால் விற்றவரைக் கேளுங்கள். பழைய பிராசஸர் வாங்குகிறவர்கள், எதிரிலேயே அந்த செவன்-ஜிப் சோதனையை ஐந்து தடவை ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கேம் விழுந்தால் மறுபடி திறந்துகொள்ளலாம். ஆனால் அதே தப்பும் கோர்தான் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் எழுதுகிறது. கிராஷ் தொடங்கிவிட்டது என்றால் அந்தக் கணினியில் ஃபார்மட் போடாதீர்கள், படங்களை எடிட் செய்து சேமிக்காதீர்கள், எதையும் சுருக்கி வைக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு நல்ல கணினியில் மாட்டி நகல் எடுங்கள். பழைய பேக்கப் இருந்தால் அதன் மேலேயே புதியதை எழுதிவிடாதீர்கள், இரண்டையும் வையுங்கள்.

தம்பி தன் அக்கா கல்யாணப் படங்களை இந்த நான்கு மாதத்துக்குள்தான் எடிட் செய்து, சுருக்கி, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டிருக்கிறான். கேமராவின் மெமரி கார்டை அன்றைக்கே அழித்துவிட்டான். புதிய பிராசஸர் வாரண்டியில் வந்து, மாட்டி, கேம் எல்லாம் ஓடிய பிறகு அந்தப் பொதியை விரிக்கச் சொன்னேன். பெரும்பாலான படங்கள் நன்றாக வந்தன. சிலவற்றில் முகம் வரைக்கும் படம் இருக்கிறது, அதற்குக் கீழே சாம்பல் பட்டை. சில திறக்கவே இல்லை. அக்காவுக்கு அனுப்பிய செல்போன் நகல்கள் இருக்கின்றனவா என்று கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.