பழுப்புப் பாசியைப் பார்த்ததும் டேங்கைக் கழுவாதீர்கள்

போன வாரமும் ஒரு மரைன் டேங்க் (கடல் மீன் தொட்டி) இப்படித்தான் போனது. புதிதாக வைத்த தொட்டி. மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூசி படிந்ததும் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். லைவ் ராக்கை (பாக்டீரியா குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு) குழாய்த் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, மணலை அலசி, தண்ணீரை மொத்தமாக மாற்றியிருக்கிறார். எனக்கு போன் வந்தபோது க்ளவுன் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பாசி எந்த மீனையும் கொல்லவில்லை, கழுவியதுதான் கொன்றது.

தங்கமீன் வளர்த்த பழக்கம் இது. அழுக்குத் தெரிந்தால் கழுவ வேண்டும் என்று கை பரபரக்கிறது. தயவுசெய்து கேளுங்கள்: மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சாப்பிடும் பாக்டீரியாக்கள் அந்த ராக்கிலும் மணலிலும்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால் அதே அம்மோனியா நல்ல தண்ணீர்த் தொட்டியைவிட இங்கே பல மடங்கு விஷம். ராக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்பவர்களுக்கு ஒன்று: மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புதுத் தொட்டியில் வருவது பெரும்பாலும் டயட்டம். சிலிக்காவில் ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் பாசி அது. விரலால் தொட்டால் பொடியாகக் கலைந்துவிடும். தண்ணீரில் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானே அடங்கும்.

தோலைப் போல ஒரே படலமாக உரிந்து வந்தால் அது டயட்டம் இல்லை, சயனோபாக்டீரியா என்ற ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அலை ஓட்டம் குறைந்த மூலைகளைப் பாருங்கள். சளி போல நூல் நூலாகத் தொங்கி, நுனியில் காற்றுக்குமிழ் பிடித்து, காலையில் குறைந்து மாலையில் மறுபடி மூடினால் டைனோஃபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற வேறொரு ஒற்றைச் செல் உயிரி என்று சந்தேகப்படுங்கள். நத்தைகள் செத்துக்கொண்டிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாகிப்போன, 'ரொம்பச் சுத்தமான' தொட்டிகளில்தான் இது தலைதூக்கும். அங்கே போய்த் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் வளரும். சின்ன மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தால் குழப்பமே வேண்டாம்: டயட்டம் கண்ணாடிப் படகு போல இருக்கும், அசைந்தாலும் மெதுவாக வழுக்கிப் போகும்; டைனோ பரபரவென்று சுழலும்.

சரி, டயட்டம்தான் என்று தெரிந்துவிட்டது. சிலிக்கேட் தண்ணீரோடு வருவதால், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். போர் தண்ணீர் வேண்டாம். கேன் தண்ணீரும் வேண்டாம். வீட்டு ஆர்ஓ-வும் போதாது. அதில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையோ மினரலையோ கலந்துதான் கொடுக்கிறார்கள். ஆர்ஓ-வுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டுகிறதே என்று வாதாடுகிறவர்கள் கவனிக்க: ரெசின் தீரும்போது முதலில் நழுவி வருவது சிலிக்காதான், அதை அந்த மீட்டர் பிடிக்காது. பழைய தொட்டியில் திடீரென்று பழுப்பு வந்தால் நான் முதலில் மாற்றச் சொல்வது ரெசினைத்தான்.

கண்ணாடியை மட்டும் துடையுங்கள். மணலின் மேற்பரப்பை லேசாக உறிஞ்சி எடுங்கள். பாசி தின்னும் செரித் நத்தை சில விடுங்கள். ஃபில்டர் துணியை அடிக்கடி மாற்றுங்கள். வேண்டுமானால் பாஸ்பேட் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மீடியா போடலாம், சிலிக்கேட்டையும் அது பிடிக்கும். கடையில் தரும் தாமிரம் கலந்த பாசி மருந்தைத் தொடவே தொடாதீர்கள். நத்தை, இறால், பவளம் எல்லாம் போய்விடும். ராக்கில் ஊறிய தாமிரம் லேசில் வெளியே வராது.

ஏற்கெனவே கழுவிவிட்டீர்களா? திட்டவில்லை, இதைச் செய்யுங்கள். இரண்டு நாளைக்குத் தீனியை நிறுத்துங்கள். தினமும் அம்மோனியா டெஸ்ட் எடுங்கள். ஏறினால், உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 25–26 டிகிரி என்று தொட்டியோடு சரியாகப் பொருந்தும் தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள். பாட்டில் பாக்டீரியா கிடைத்தால் ஊற்றுங்கள். அளவு பூஜ்யத்துக்கு வரும்வரை புது மீன் ஒன்றுகூட விடாதீர்கள்.