மகிழ்ச்சி மரமும் ஒரு வளையமும்

தென்சீனாவில் வளரும் 'ஷீ ஷூ' என்ற மரத்தின் பெயருக்கு மகிழ்ச்சி மரம் என்று பொருள். அதிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்ததை, அமெரிக்காவில் மன்றோ வாலும் மன்சுக் வானியும் 1966-இல் வெளியிட்டார்கள். சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் திரும்பி வரும்போது கொடுக்கப்படும் டோபோடெகான் இதன் வழிவந்த மருந்துதான். ஆனால் மரத்தில் இருப்பதையே மனிதருக்கு ஏற்றிப் பார்த்தபோது நடந்தது வேறு.

முதலில், இது புற்றுநோய்ச் செல்லை எப்படிக் கொல்கிறது? டிஎன்ஏ முறுக்கிய கயிறு. நகலெடுக்கப் பிரிக்கப் பிரிக்க, முன்னால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். டோபோஐசோமரேஸ்-1 என்ற நொதி ஓர் இழையை மட்டும் வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, உடனே ஒட்டிவிடும். கேம்ப்டோதெசின் அந்த வெட்டுவாயில் ஆப்பு போலச் செருகிக்கொள்ளும்; நொதியால் ஒட்ட முடியாது. நகலெடுக்கும் புரதங்கள் அங்கே வந்து மோதும்போது இரண்டு இழைகளும் அறுந்துபோகும். ஓயாமல் பெருகும் செல்லில்தான் இந்த மோதல் அதிகம்.

சிக்கல் மூலக்கூறின் ஒரு முனையில் லாக்டோன் என்ற அணு வளையத்தில். அது மூடியிருந்தால்தான் மருந்து வேலை செய்யும். கேம்ப்டோதெசின் நீரில் கரையாது. ஊசியில் ஏற்றுவதற்காக அதைச் சோடியம் உப்பாக்கினார்கள், வளையம் திறந்துகொண்டது. ரத்தத்தின் லேசான காரத்தன்மையில் (பிஎச் 7.4) அது எளிதில் மூடாது. திறந்த வடிவத்தை அல்புமின் புரதம் வேறு இறுகப் பிடித்துக்கொள்ளும். கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். சிறுநீரில் அமிலம் இருப்பதால் வளையம் அங்கே மறுபடி மூடியது, மருந்து தவறான இடத்தில் உயிர்பெற்றது. சிறுநீர்ப்பை புண்ணாகி நோயாளிகளுக்கு ரத்தம் போயிற்று. 1970-களில் சோதனைகளைக் கைவிட்டார்கள்.

இலக்கு அந்த நொதிதான் என்று 1985-இல் தெரிந்தபின் மீண்டும் முயன்றார்கள். வளையத்தைத் தொடாமல், மறுமுனையில் ஓர் அமீன் கிளையைச் சேர்த்ததும் மருந்து நீரில் கரைந்தது. அதுவே டோபோடெகான். அமெரிக்காவில் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கு அதற்கு 1998-இல் அனுமதி கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நோதபோடைட்டிஸ் மரத்திலும் கேம்ப்டோதெசின் உண்டு. அதற்காகவே அந்த மரங்களைக் கண்மூடித்தனமாக வெட்டியது பெருங்கொடுமை.

டோபோடெகானை உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மி.கி. வீதம், 30 நிமிடம் சிரையில் ஏற்ற வேண்டும். தொடர்ந்து 5 நாள், 21 நாளுக்கு ஒரு சுற்று. எலும்பு மஜ்ஜையும் ஓயாமல் பெருகுவதால் வெள்ளணுக்கள் சரியும். அவற்றில் ஒரு வகையான நியூட்ரோபில், ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1,500-க்குக் கீழே இருந்தால் முதல் சுற்றையே தொடங்கக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் மருந்து தங்கிவிடும்; சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு 20 முதல் 39 மி.லி. என்றால் அளவு பாதி, சதுர மீட்டருக்கு 0.75 மி.கி.