துக்க வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகும் முன்

போன வருடம் ஒரு அம்மா என் அறைக்குள் வந்தபோது கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்று இருந்தது. பழைய ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் இருக்கும் என்று நினைத்தேன். மேசைமேல் கவிழ்த்தார். ஏழு புத்தகங்கள். வெற்றி, தன்னம்பிக்கை, நேர்மறை எண்ணம் என்று தலைப்புகள். அட்டையில் சூரியன், மலையுச்சி, கைகளை விரித்து நிற்கிற ஒரு ஆள். கணவர் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனவை அவை.

"எல்லாத்தையும் படிக்க ஆரம்பிச்சேன் டாக்டர். எதுலயும் ரெண்டு பக்கம் தாண்டல. வரிய திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஒண்ணும் ஏற மாட்டேங்குது. எனக்கு மூளை கெட்டுப்போச்சோ?"

மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இழப்புக்குப் பிந்திய மாதங்களில் கவனம் இப்படித்தான் நழுவும். ஆனால் அதைப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஆறுதலுக்கென்று வந்த புத்தகங்கள், 'இதுகூட உன்னால் முடியவில்லை' என்று சொல்லும் சாட்சிகளாக மாறியிருந்தன. (இந்த அம்மாவைப் பற்றியும், இனி சொல்லப்போகிறவர்களைப் பற்றியும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் மனநல மருத்துவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் புத்தகப் பெயர் எழுதிக்கொடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு. புத்தகத்தால் மனதைத் தேற்றும் முறைக்கு 'பிப்லியோதெரபி' என்று ஒரு பெயரும் இருக்கிறது. 1916இல் சாமுவேல் குரோதர்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பாதி கிண்டலாகப் போட்ட சொல் அது. கிண்டல் உதிர்ந்து சொல் மட்டும் தங்கிவிட்டது. மாத்திரையை யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று பார்த்துத்தானே கொடுக்கிறோம்? புத்தகத்துக்கும் அந்தக் கணக்கு உண்டு என்பதை அந்த மஞ்சப்பைக்குப் பிறகுதான் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில், துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, ஆள் இளைத்துப்போவார். உள்ளே வேறு. துக்கம் அலை அலையாக வரும். நடுவில் பேரனின் சேட்டையைப் பார்த்துச் சிரிக்கவும் முடியும். நினைப்பின் நடுவில் இருப்பவர் இறந்துபோனவர். மனச்சோர்வில் அலை கிடையாது. நாள் முழுக்க, வாரக்கணக்கில், ஒரே கனம். எதிலும் ருசி இல்லை. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். நினைப்பின் நடுவில் தானே இருப்பார், அதுவும் 'எதற்கும் லாயக்கில்லாதவனாக'. ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு, இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. அதனால்தான் முதலாமவருக்கு ஏற்ற புத்தகம் இரண்டாமவருக்கு ஆகாமல் போகிறது.

துக்கத்தில் இருப்பவருக்கு உபதேசம் வேண்டாம். கூட உட்காருகிற ஆள்தான் வேண்டும். புத்தகமும் அப்படி உட்கார வேண்டும்.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் மனைவி 1960இல் புற்றுநோயில் இறந்தார். அடுத்த சில வாரங்களில் லூயிஸ் நோட்டுகளில் கிறுக்கியது 1961இல் 'எ கிரீஃப் அப்சர்வ்டு' என்ற சின்னப் புத்தகமாக வந்தது, வேறொரு பெயரில். ஊருக்கே கடவுள் நம்பிக்கையை விளக்கி எழுதியவர், இதில் அதே கடவுளோடு சண்டை போடுகிறார். துக்கம் இவ்வளவு பயம்போல இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றுதான் தொடங்குகிறார். இந்த ஒரு வரிக்காகவே அந்தப் புத்தகத்தை நான் மறப்பதில்லை. ஏனென்றால் என்னிடம் வருகிற பாதிப்பேர் துக்கம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குது, என்னமோ நடக்கப்போற மாதிரி இருக்கு" என்கிறார்கள். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, எல்லாம் நார்மல் என்று கேள்விப்பட்டு, அதன் பிறகுதான் இங்கே வருகிறார்கள்.

மஞ்சப்பை அம்மாவிடம் இன்னொரு எழுத்தாளரைப் பற்றிச் சொன்னேன். ஜோன் டிடியனின் கணவர் 2003 டிசம்பர் 30 அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் சரிந்தார். அடுத்த ஒரு வருடத்தைப் பற்றி டிடியன் எழுதியதுதான் 2005இல் வந்த 'தி இயர் ஆஃப் மேஜிக்கல் திங்கிங்'. கணவரின் துணிகளை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். செருப்புகளை மட்டும் கொடுக்க முடியவில்லை. திரும்பி வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே! இதைச் சொல்லி முடிக்கும் முன்னே அந்த அம்மா அழ ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: கணவரின் செல்போன் நம்பருக்கு 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார், மகனுக்குத் தெரியாமல். "லூசுன்னு நினைச்சுருவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல." ஆங்கிலம் தெரியாத அந்த அம்மா அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை. எங்கோ நியூயார்க்கில் இருந்த, படித்த, பெயர் பெற்ற ஒரு பெண்மணியும் இப்படித்தான் இருந்தார் என்ற செய்தியே போதுமானதாக இருந்தது.

ஆங்கிலம் வரை போக வேண்டிய அவசியமும் இல்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், மனைவியை இழந்தவர், தனக்குக் கேவலம் என்று நினைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னது இது: "அவ போன மூணாம் நாள் எனக்குப் பசிச்சுது டாக்டரம்மா. நல்லாவே சாப்பிட்டேன். நாப்பது வருஷம் கூட இருந்தவ. எப்படி இறங்குச்சு எனக்கு?" அவருக்கு நான் எழுதிக்கொடுத்தது புறநானூற்றின் 245ஆம் பாட்டு. பாடியவர் சேர மன்னர், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவி பெருங்கோப்பெண்டு இறந்தபோது பாடியது. என் நோவு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, என் உயிரைக் கொண்டுபோகிற வலு அதற்கு இல்லையே என்று தொடங்குகிறார். கள்ளி முளைத்த வெட்டவெளியில், விறகு அடுக்கிய தீப்படுக்கையில் அவளைக் கிடத்தினேன், அவள் போய்விட்டாள் என்கிறார். கடைசி வரி: 'இன்னும் வாழ்வல், என்இதன் பண்பே!' இன்னமும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன இயல்பு!

உயிரோடு இருப்பதே குற்றமாகப் படுகிற இந்த உணர்வைப் பற்றி எங்கள் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. பாட்டு ஏழே வரி. கண்டக்டர் ஐயா பொருள் கேட்டுவிட்டு, "ராஜாவுக்கே இப்படித்தானா?" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாத்திரை எழுதிய பக்கமும் அதே தாளில்தான் இருந்தது. மருந்துக்கடையில் அதைக் கொடுக்க மனமில்லாமல் போட்டோ எடுத்துக் காட்டியிருக்கிறார்.

நம் வீடுகளில் துக்கத்துக்கென்றே படிக்கிற புத்தகம் ஒன்று உண்டு: கருட புராணம். நம்பிக்கையில் நான் கைவைக்க மாட்டேன். காரியம் முடியும்வரை தினமும் உட்கார்ந்து கேட்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், அதுவே ஒரு தாங்கல். ஆனால் மகன் தற்கொலை செய்துகொண்ட ஒரு தாய்க்கு அதிலிருந்த நரக வர்ணனைகளை யாரோ வாசித்துக் காட்டிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்தபோதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அவன அங்க என்ன பண்ணுவாங்க?" படித்தவருக்கு அது சடங்கு; கேட்டவருக்கு அது தினசரிக் கனவு. எந்த வீட்டில், எந்தச் சாவில், எந்தப் பக்கத்தை வாசிக்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

படித்தவர்களுக்கு வேறு மாதிரி ஒரு தொல்லை. "டாக்டர், நான் இப்போ எந்த ஸ்டேஜ்ல இருக்கேன்? கோபம் முடிஞ்சிருச்சு, ஏத்துக்கிற ஸ்டேஜ் ஏன் வரல?" எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதிய 'ஆன் டெத் அண்டு டையிங்' புத்தகத்தின் ஐந்து படிகள் (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) இணையத்தில் படமாகச் சுற்றுவதால் வருகிற கேள்வி இது. அந்தப் புத்தகம் சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி எழுதப்பட்டது, இருந்து அழுகிறவர்களைப் பற்றி அல்ல. துக்கத்தில் மாடிப்படி ஏதும் கிடையாது. நேற்று 'ஏற்றுக்கொண்டவர்' இன்று ரேஷன் கடையில் குடும்ப அட்டையில் பெயர் நீக்கச் சொன்னதும் மறுபடி முதல் நாளுக்குப் போவார். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

காலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சோனாலி தெரணியகல இலங்கையைச் சேர்ந்த பொருளியலாளர். 2004 டிசம்பர் 26 அன்று யாலவில் சுனாமி அவருடைய கணவர், இரண்டு மகன்கள், அப்பா, அம்மா எல்லோரையும் கொண்டுபோனது. அவர் மட்டும் பிழைத்தார். 'வேவ்' என்ற அவர் புத்தகம் 2013இல்தான் வந்தது. பெற்றோரின் கொழும்பு வீட்டில் வாடகைக்கு வந்தவர்களை இரவில் போய் மணியடித்துத் தொந்தரவு செய்ததைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறார். துக்கம் ஆளை நல்லவராக்கும் என்ற நம் பொய்யை அது உடைக்கிறது. எனக்குத் தெரிந்து இழப்பைப் பற்றி இவ்வளவு உண்மையான புத்தகம் குறைவு. ஆனாலும் முதல் வருடத்தில் யாருக்கும் இதைக் கொடுக்க மாட்டேன். பச்சைப் புண்ணில் இது நேராகப் படும். இரண்டு மூன்று வருடம் ஆனவர்களுக்கு, குறிப்பாகத் தன் கோபத்தைக் கண்டு வெட்கப்படுகிறவர்களுக்கு, இது வேண்டும்.

இனி மனச்சோர்வு. இங்கே புத்தகம் கொடுப்பதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். கல்லூரி மாணவர் ஒருவருக்கு விக்டர் ஃபிராங்கல் எழுதிய 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்' படிக்கச் சொன்னேன். நாஜி வதைமுகாம்களில் இருந்து மீண்ட மனநல மருத்துவர் 1946இல் எழுதியது. எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்திய புத்தகம். அந்த மாணவர் அடுத்த வாரம் வந்து சொன்னார்: "மேடம், அவரு முகாம்ல இருந்துகிட்டு வாழ்க்கைக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறாரு. எனக்கு வீடு இருக்கு, சோறு இருக்கு, என்னால எந்திரிச்சுக் குளிக்க முடியல. நான் எவ்வளவு மட்டமானவன்!" நோய் எந்தப் புத்தகத்தையும் தனக்குச் சாதகமான சாட்சியாக மாற்றிக்கொள்ளும். அதே மாணவர் தேறி ஒரு வருடம் கழித்து அதே புத்தகத்தைத் தானாகவே படித்துவிட்டு, நல்லாருக்கு என்றார்.

மனச்சோர்வின் உச்சத்தில் படிக்கிற திறனே படுத்துவிடும். அதைப் பார்க்க எனக்கு ஒரு எளிய வழி உண்டு. பெரியவர்கள் என்றால், "கன்னித்தீவு பார்க்கிறீங்களா?" என்று கேட்பேன். தினத்தந்தியில் வரும் சிந்துபாத்தின் சின்னப் படக்கதை. அதைக்கூடப் பார்ப்பதில்லை என்றால் அவருக்குப் புத்தகம் கொடுக்கும் நேரம் இதுவல்ல, முதலில் சிகிச்சை. மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். "நேத்து சிந்துபாத் என்ன பண்ணினான்னு பார்த்தேன்" என்று ஒருநாள் சொல்வார்கள். என் வேலையில் இதைவிடச் சந்தோஷமான செய்தி குறைவு.

அதன் பிறகு கொடுக்கிற புத்தகம் பென்சிலோடு படிக்கிற புத்தகமாக இருக்க வேண்டும். டேவிட் பர்ன்ஸ் 1980இல் எழுதிய 'ஃபீலிங் குட்' அந்த வகை. ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையை, அதாவது நம் நினைப்பு சரிதானா என்று நாமே சோதித்துப் பார்க்கும் முறையை, வீட்டுப்பாடமாக்கித் தருகிறது. அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஸ்கோகினும் சகாக்களும் 1989இல், மிதமான மனச்சோர்வு இருந்த முதியவர்களிடம் இதை நான்கு வாரம் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். புத்தகம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடப் படித்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். வாரம் ஒருமுறை ஒருவர் போன் செய்து எப்படிப் போகிறது என்று விசாரித்ததும் அதில் சேர்த்தி. அந்த போனை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

முறை இவ்வளவுதான்: மனதில் வந்த நினைப்பை ஒரு பக்கம் எழுதி, அதற்கு வேறு விளக்கம் இருக்குமா என்று எதிர்ப்பக்கம் எழுதுவது. மாணவரின் 40 பக்க நோட்டிலிருந்து, அவர் அனுமதியோடு: இடப்பக்கம், 'போன் பண்ணினேன், எடுக்கல. என்னை யாருக்கும் பிடிக்கல.' வலப்பக்கம், 'ஆறு மணிக்கு அவன் பஸ்ல நிப்பான். கூட்டத்துல எடுக்க முடியாது.' கீழே வேறு மையில், 'ஏழே காலுக்கு அவனே கூப்பிட்டான்.' தமிழில் இப்படிப் பயிற்சியோடு வரும் புத்தகம் தேடி அலைய வேண்டாம்; ஒரு நோட்டும், மனநல ஆலோசகர் ஒருவர் முதல் இரண்டு பக்கத்தைச் சொல்லிக்கொடுப்பதும் போதும். இங்கிலாந்தில் 2013 முதல் டாக்டர் எழுதிக்கொடுத்தால் நூலகத்தில் இந்த மாதிரிப் புத்தகம் கிடைக்கிற திட்டம் இருக்கிறது. 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. கிளை நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்க எவ்வளவு செலவாகிவிடும் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

புத்தகம் போதாத கட்டங்கள் உண்டு. சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறவருக்குச் சோகமான முடிவுள்ள கதைகளைக் கொடுக்கவே கூடாது. ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் 'வெர்தர்' நாவல் 1774இல் வந்தபோது அதைப் படித்தவர்கள் நாயகனைப்போல நடந்துகொள்வார்களோ என்று பயந்து லைப்சிக் நகரில் தடை போட்டார்கள். இன்றுவரை தற்கொலைச் செய்திகளின் தொற்றுக்கு அந்தப் பெயர்தான். துக்கம் ஒரு வருடம் தாண்டியும் அதே தீவிரத்தோடு, அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாதபடி நின்றுவிட்டால், அதற்கென்று 'நீடித்த துக்கக் கோளாறு' என்ற தனி நோயறிதல் 2022இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் சேர்ந்திருக்கிறது; உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஆறு மாதம் என்கிறது. வருட திவசத்தன்று அழுவது நோய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வருடம் கழிந்தும் சமையலறைக்குள் கால்வைக்க முடியாதவர், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாதவர், இவர்களைத்தான் சொல்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, நாள் முழுக்க இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104இலும் பேசலாம். இலங்கையில் 1926.

கடைசியாக, துக்க வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப்போவதாக இருந்தால்: முதல் மாதம் வேண்டாம், அப்போது சாப்பாட்டுத் தூக்குதான் உதவும். பிறகு கொடுத்தாலும் மெலிந்த புத்தகமாக, ஒரு பக்கத்தில் அடையாளம் வைத்துக் கொடுங்கள். "படிச்சீங்களா?" என்று கேட்காதீர்கள். முடிந்தால் நீங்களே உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

மஞ்சப்பை அம்மா ஏழு புத்தகத்தையும் என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். புரட்டியபோது ஒன்றின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 'அக்காவுக்கு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.' கீழே தம்பியின் பெயர். அடுத்த முறை வந்தபோது காட்டினேன். அவர் அதுவரை அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை. அதை மட்டும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.