மின்னாத ரேடியம்

“பழைய ரேடியம் வாட்ச் சார், வெளிச்சம் செத்துப்போச்சு. சுரண்டிட்டுப் புதுசா பூசித் தர முடியுமா?” வாட்ச் ரிப்பேர் பார்க்கும் என்னிடம் அவ்வப்போது இப்படி யாராவது கேட்டு வருவார்கள். போன மாதம் வந்தவர் தானே மூடியைக் கழற்றிப் பாதி டயலைச் சுரண்டிவிட்டே வந்திருந்தார். லென்ஸை மாட்டிப் பார்த்தால் 12-க்குப் பக்கத்தில் பழுப்பாகத் தூள். பெரிய முள்ளில் பூச்சு வெடித்து நின்றது. தூளை ஊதிவிடக் குனிந்தவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இருட்டில் மின்னும் எல்லாவற்றையும் ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வண்டியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது. ஆனால் 1960-களுக்கு முந்தைய வாட்ச், டைம்பீஸ்களில் இருட்டில் தெரிந்த எண்கள் பெரும்பாலும் அசல் ரேடியம்தான், கதிரியக்கம் உள்ள உலோகம். அதைத் துத்தநாக சல்பைடோடு கலந்து பூசினார்கள். ரேடியத்தின் கதிர் பட்டு மின்னுவது துத்தநாக சல்பைடு. அந்தக் கதிரே அதை மெல்ல மெல்லக் கெடுத்தும் விடுகிறது. மங்கியது அதுதான். ரேடியம் எங்கும் போகவில்லை. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 வருடம். நூறு வருடத்துக்கு முன் பூசியதில் 4 சதவீதம்தான் குறைந்திருக்கும்.

முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டயல் எழுதிய பெண்கள், தூரிகை நுனி கூராக வேண்டும் என்று அதை உதட்டில் வைத்து வைத்து எழுதினார்கள். உடம்பு ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துக்கொள்ளும். பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் போட்ட வழக்கு 1928-இல் இழப்பீட்டுடன் சமரசமானது.

கண்ணாடி உடையாமல் மூடியிருக்கும் ஒரு வாட்சை எப்போதாவது கட்டினால் பெரிய பயமில்லை. ஆபத்து தூளில்தான். திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் வரும். நிறையச் சேர்த்து வைத்திருப்பவர்கள் படுக்கையறையில் வைக்க வேண்டாம். 6-க்குக் கீழே ‘ஸ்விஸ்’ என்பதன் இருபுறமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால் அது டிரிட்டியம், ரேடியத்துக்குப் பின்னால் வந்த, கதிர் வலு குறைந்த பொருள். இன்றைய ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சில் கதிரியக்கமே இல்லை.

சரி, வந்தவர் கதைக்கு வருவோம். வாட்சைக் கவரில் போட்டு ஒட்டினேன். எங்கே வைத்துச் சுரண்டினீர்கள் என்று கேட்டேன். “சாப்பாட்டு மேஜையில” என்றார். துடைப்பத்தால் பெருக்காமல், கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி அனுப்பினேன்.