மடக்குக் கத்தியும் மடங்காத விரலும்

கொழும்பில் கத்தி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு அது என் தொழில் வழியாகத் தெரியவந்தது. கையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் விரல்களை மீண்டும் இயங்கவைக்கும் இயன்மருத்துவம் என் வேலை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கண்ணாடியாலோ, இயந்திரத்தாலோ, சமையலறைக் கத்தியாலோ காயப்பட்டவர்கள். ஆனால் வெசாக், பொசன் போன்ற நீண்ட விடுமுறைகள் முடிந்ததும் வேறொரு கூட்டம் வரும். நக்கிள்ஸ் மலைப்பக்கமோ, மீமுரேயோ, பெலிஹுல்ஓயாவோ போய்க் கூடாரமடித்துவிட்டு வந்த இளைஞர்கள். அவர்களிடம் இருப்பவை நல்ல கத்திகள். விலை கேட்டால் தலை சுற்றும். பாரிஸிலிருந்து மாமா கொண்டுவந்தது, டொரொண்டோவிலிருந்து அண்ணன் அனுப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். கத்தியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது ஏராளம். அதைப் பிடிக்கும் கையைப் பற்றித் தெரிந்தது மிகவும் கொஞ்சம்.

காயம் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே கத்தியைப் பிடித்த விதத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். யாருடைய அடையாளமும் இதில் இல்லை. வலக்கைக்காரரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

வலது ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ, உள்ளங்கைப் பக்கமாகக் குறுக்கே ஒரு நேர்வெட்டு இருந்தால் மடக்குக் கத்தி கையிலேயே மடங்கியிருக்கிறது என்று பொருள். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வில்லுக்கத்தி என்பார்களே, அந்த வகை. அதில் அலகை விரித்த நிலையில் நிறுத்தி வைப்பது முதுகிலுள்ள வில் ஒன்றுதான். பூட்டு கிடையாது. சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட சுவிஸ் கத்தியை எல்லோரும் அறிவார்கள். கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறை (இன்றைய விக்டோரினொக்ஸ் நிறுவனம்), 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கி, 1897இல் ‘அதிகாரிக் கத்தி’யைப் பதிவு செய்தது. அந்த மரபில் வரும் 91 மில்லிமீற்றர் கத்திகளின் பெரிய அலகுக்கு இன்றும் பூட்டு இல்லை. அது குறையும் அல்ல. பழம் நறுக்க, கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க என்று செய்த கத்தி அது. அந்த வேலைகளில் அழுத்தம் கூர்ப்பக்கமாகவே போகும், அலகு மடங்காது. இடைவாரில் புதுத் துளை போடவும் சிரட்டையைக் குடையவும் அதன் முனையைப் பாவிக்கும்போதுதான் விசை திசைமாறி முதுகுப் பக்கமாகத் திரும்புகிறது. வில் விட்டுக்கொடுத்துவிடும். கீழே விரல்கள் காத்திருக்கும். இத்தனைக்கும் துளை போடும் ஊசி அதே கத்தியின் பின்புறத்தில் இருக்கிறது, யாரும் அதை விரிப்பதில்லை. பூட்டு வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் 111 மில்லிமீற்றர் வகைகளைப் பார்க்கலாம்.

பூட்டு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடும் ஆட்கள் வருகிறார்கள். பாரிஸிலிருந்து வரும் ஒபினெல் கத்தியை எடுத்துக்கொள்வோம். 1890இல் சவோய் மலைநாட்டில் பிறந்தது, மரப்பிடி போட்டது. கழுத்திலுள்ள வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955இல் வந்தது. திருகினால் மட்டுமே பூட்டும், மறந்தால் அது வெறும் அலங்காரம். இன்னொரு சிக்கல் நமது காற்று. கொழும்பின் ஈரத்தில் மரப்பிடி ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது பல்லால் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், குறட்டால் இழுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இறுகிய அலகு விடுபடும்போது மெதுவாக விடுபடாது. வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் அடிப்பாகத்தை ஒரு மரக்கட்டையில் தட்டினால் அலகு சற்று எழும்பி வரும். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு வளைந்துவந்து அலகின் அடியைத் தாங்கும் பூட்டு இன்னொரு வகை. ஒரு கையாலேயே திறந்து மூடலாம் என்பதால் இளைஞர்களுக்கு இதில்தான் மோகம். மூடும்போது பெருவிரலால் தகட்டைத் தள்ளவேண்டும். அந்தக் கணத்தில் பெருவிரல் நிற்பது அலகு வரும் பாதையில். வீடியோவில் பார்ப்பதுபோல் சடாரென்று மூடினால் பெருவிரலின் சதைப்பகுதி பிளக்கும். தகட்டைத் தள்ளி அலகைச் சற்றே மடக்கியதும் பெருவிரலை எடுத்துவிடுங்கள். மீதியை மற்றக் கையால் மூடுங்கள். ஸ்டைல் போய்விடும், விரல் இருக்கும். பூட்டின் இடுக்கில் மணலோ காய்ந்த கித்துள் பாணியோ ஒட்டியிருந்தால் தகடு முழுதாக வந்து உட்காராது. பார்வைக்குப் பூட்டியதுபோலவே இருக்கும். முகாமிலிருந்து வந்ததும் கூடாரத்தைக் காயப்போடுகிறவர்கள் கத்தியின் மூட்டைக் கழுவிக் காயவைப்பதில்லை.

சின்ன விரலிலும் மோதிர விரலிலும் சேர்ந்து வெட்டு இருந்தால் கை பிடியிலிருந்து வழுக்கி அலகுமேல் ஓடியிருக்கிறது. மடக்காத, உறையில் போடும் கத்திகளில் இதுதான் அதிகம். குத்தும் வேலையில்தான் இது நடக்கும். டின் மீனை முனையால் குத்தித் திறப்பது, செவ்விளநீரில் துளைபோட முனையை ஓங்கி இறக்குவது. முனை உள்ளே போகாமல் நிற்கிறது, கை நிற்பதில்லை. விரல் தடுப்பு இல்லாத பிடி, மழைத் தண்ணீர், மீன் எண்ணெய் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இந்தக் காயத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு கனக்கும். பெருவிரல் தவிர்ந்த ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. உள்ளங்கையின் மேல் ரேகைக்கும் விரலின் நடுக்கணுவுக்கும் இடையே அவை இரண்டும் ஒரே ஒடுக்கமான குழாய்க்குள் ஓடுகின்றன. அங்கே அறுந்து தைத்தால் ஆறும்போது ஒன்றோடொன்றும் குழாயோடும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அமெரிக்கக் கைச் சத்திரசிகிச்சை முன்னோடி ஸ்டெர்லிங் பன்னல் இந்தப் பகுதியை ‘யாருக்கும் சொந்தமில்லா நிலம்’ என்றார். இன்று தையல் முறைகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் ஒரு டின் மீனுக்காக அந்த நிலத்தில் காலடி வைக்க வேண்டுமா? டின் திறக்கும் கருவி புறக்கோட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

நான்காவது இடம் இடக்கை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவடு, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு, சில நேரம் உள்ளங்கை. இது பொருளைப் பிடித்திருந்த கை. தடி சீவும்போதும், கையில் வைத்தே தேங்காய்ச் சொட்டைக் கிளப்பும்போதும், சாணைக்கல்லைக் கையில் பிடித்துத் தீட்டும்போதும் வருவது. பெரும்பாலும் பின்னணியில் ஒரு மொட்டைக் கத்தி இருக்கும். கூர் குறைந்தால் விசையைக் கூட்டுகிறோம், விசை கூடினால் நழுவும்போது நிறுத்த முடியாது. பிள்ளையின் கையில் ‘பாதுகாப்புக்காக’ மொட்டைக் கத்தியைக் கொடுக்கும் பெற்றோருக்கு இதைப் புரியவைப்பது கடினமாகத்தான் இருக்கிறது.

கூர்மையைப் பற்றிப் பேசினால் துருவைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் நமது ஊரில் கூர்மையைத் தின்பது பாவனையைவிடத் துருதான். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடலைப் பார்த்த மாடிவீட்டில் வசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஜன்னல் கம்பியே சொல்லும். குறைந்தது 10.5 வீதம் குரோமியம் கலந்ததைத்தான் துருப்பிடிக்கா உருக்கு என்கிறார்கள். அந்தப் பெயரை முழுதாக நம்பவேண்டாம், உப்புக் காற்றில் அதிலும் புள்ளி விழும். சேகரிப்பாளர்கள் விரும்பும் டி2 உருக்கில் ஏறத்தாழ 12 வீதம் குரோமியம் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி காபனோடு சேர்ந்து காபைட்டாகக் கட்டுண்டுவிடுவதால் அதுவும் துருப்பிடிக்கிறது. காபன் உருக்குக் கத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எலுமிச்சங்காய் வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் சிறிது நேரத்திலேயே நிறம் மாறிவிடும்.

இங்கே நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் கெட்ட காரியங்கள் இரண்டு. ஒன்று, கத்தியைத் தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் போட்டுவைப்பது. தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு அணைத்து வைத்திருக்கும். உறையும் கத்தியும் தனித்தனியாக இருக்கட்டும். அப்படி வைப்பதென்றால் பூட்டிய பெட்டிக்குள், சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில். மற்றது தேங்காய் எண்ணெய். சில நாட்களுக்கு அது நல்லதுதான், நீண்ட காலம் விட்டால் காறிப் பிசினாகி மூட்டை இறுக்கிவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். சாப்பாட்டுக்கு எடுக்கும் முன் கழுவிவிடுங்கள். தீட்டுவதென்றால் கல்லை ஈரத்துணி விரித்த மேசைமேல் வையுங்கள், கையில் வேண்டாம். பக்கத்துக்கு 20 பாகை அளவில் சாய்த்தால் வெளிவேலைக் கத்திக்குப் போதுமானது.

தடி சீவுவதற்குச் சாரணர்கள் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கைவிடச் சிறந்ததை நான் காணவில்லை. கத்தியைப் பிடித்த கையை முழுதாக நீட்டிச் சுற்றினால் யாரையும் தொடக்கூடாது. அலகு உடலைவிட்டு வெளியே போகவேண்டும். உட்கார்ந்திருந்தால் முழங்கை முழங்காலுக்கு முன்னே இருக்கவேண்டும், தொடைகளுக்கு நடுவே சீவக்கூடாது. தொடையின் உட்புறத்தில் பெரிய நாடி ஓடுகிறது. அங்கே பட்டால் என்னிடம் வரும் நிலை வராமலே போகலாம். விறகு பிளக்க மடக்குக் கத்தியை வைத்துக் கட்டையால் அடிப்பவர்களுக்கு ஒரே பதில்: மூட்டு உடையும். தேசிய பூங்காக்களுக்குள் மரம் வெட்டுவதே குற்றம் என்பதையும் மறக்கவேண்டாம்.

இனி, வெட்டுப்பட்டுவிட்டால். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்னே கழற்றுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை, புகையிலை எதுவும் வேண்டாம். சத்திரசிகிச்சை நிபுணர் காயத்தைத் தைக்கும் முன்னர் கோப்பித்தூளைக் கழுவுவதிலேயே நேரம் போகிறது. இறப்பர் வளையத்தால் விரலை இறுகக் கட்டவும் வேண்டாம். விரல்நுனி துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றிப் பொலித்தீன் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வையுங்கள். பனிக்கட்டி நேரடியாகச் சதையில் படக்கூடாது. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இரத்தம் நின்றதும் ‘சின்ன வெட்டுத்தானே’ என்று பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்வதுதான் நான் காணும் பெரிய இழப்புக்குக் காரணம். அறுந்த தசைநாண் வலிக்காது. அரை அங்குல வெட்டுக்கு உள்ளேயும் அது முழுதாக அறுந்திருக்கலாம். இரண்டில் ஒன்று மட்டும் அறுந்தால் விரல் நடுக்கணுவில் மடங்கும், பார்ப்பவர் சரி என்று நினைத்துவிடுவார். ஆகவே நடுக்கணுவை மற்றக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். விரலின் இரண்டு பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால் நரம்பு போயிருக்கிறது. விரலின் உள்ளங்கைப் பக்கத்தில் நரம்பு நாடிக்கு முன்னால் கிடக்கிறது. ஆகவே விரல் வெட்டிலிருந்து இரத்தம் பீறிட்டிருந்தால் நரம்பும் தப்பியிருக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். முதல் சில நாட்களுக்குள் தைப்பதற்கும் சில வாரங்கள் கழித்துத் தைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கிப்போனால் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டவேண்டி வரலாம். ஏற்புவலித் தடுப்பூசியையும் கேளுங்கள். அழுக்கான காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மறுபடி போடவேண்டும்.

கத்தியோடு பயணம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னர், அந்த மே மாதத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். அன்றாடப் பாவனைக் கத்திகளுக்கு விலக்கு இருந்தது. இருந்தும் எத்தனை வீடுகளில் மீன் வெட்டும் கத்தியைக்கூடப் பயத்தோடு பார்த்தோம் என்பது நினைவிருக்கும். இடுப்பில் கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு கோட்டை புகையிரத நிலையத்தில் நிற்கத் தேவையில்லை. உறையிலிட்டுப் பயணப்பையின் அடியில், கூடாரப் பொருட்களோடு வையுங்கள். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிபோகும்.

‘மறுபடி எப்போது கத்தி பிடிக்கலாம்?’ என்று இரண்டாவது வாரத்திலேயே கேட்பார்கள். தசைநாண் தைத்த கை பொதுவாக 6 வாரம் தாங்கியில் (ஸ்பிளின்ட்) இருக்கும். அதற்குள் நாங்கள் சொல்லும் அசைவுகளை, சொல்லும் அளவில் மட்டும் செய்யவேண்டும். செய்யாவிட்டால் ஒட்டிக்கொள்ளும், மிஞ்சிச் செய்தால் தையல் அறும். பாரம் தூக்க, இறுகப் பிடிக்க 12 வாரம் ஆகும். நரம்பும் போயிருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வேகத்தில்தான் வளரும். உள்ளங்கையிலிருந்து விரல்நுனிக்குப் போய்ச்சேர மாதங்கள் பிடிக்கும். அதுவரை அந்த விரலுக்குக் கூரும் சூடும் தெரியாது. நுவரெலியாக் குளிரில் கடுக்கவும் செய்யும். ஆகவே என் பதில்: 12 வாரம் கழித்து, முதலில் தடித்த பிடியுள்ள கத்தியால் பலகைமேல் பாண் வெட்டுங்கள். விரலைப் பார்க்காமலே பிடியின் விளிம்பை உணர முடிகிறவரைக்கும் மடக்குக் கத்தியைத் திறக்கவேண்டாம்.