வலி நின்றால் காது குணமாகிவிட்டதாக அர்த்தமில்லை

“ரெண்டு சொட்டுதான் விட்டேன் டாக்டரம்மா. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின எண்ணெய். கொஞ்ச நேரத்துல பிள்ள அழுகைய நிறுத்திட்டா.”

ஆச்சி சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நாலு வயதுப் பேத்தி. மூன்று நாளாகச் சளி. அன்று ராத்திரி காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதிருக்கிறாள். எண்ணெய் விட்டார்கள், வலி நின்றது, குழந்தை தூங்கிவிட்டாள். காலையில் தலையணை உறையில் மஞ்சளாக ஈரம், ஓரத்தில் லேசான ரத்தக் கறை. எண்ணெய்தான் வழிந்திருக்கிறது என்று உறையைத் துவைத்துப் போட்டுவிட்டார்கள். என்னிடம் வந்தது மூன்று வாரம் கழித்து. “கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா” என்றார் அம்மா.

காது, மூக்கு, தொண்டை மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் கதை இது. அந்த ராத்திரி உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சாய்வாக இருக்கும். குழந்தைகளுக்கோ குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். அதனால்தான் சளி பிடித்த நாலைந்து நாளில் குழந்தைகளுக்குக் காது வலிக்கிறது. குழாய் அடைத்து, நடுக்காதில் சீழ் சேர்ந்து, செவிப்பறையை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. செவிப்பறையின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். படுத்தால் வலி கூடும், அதனால் அழுகை பெரும்பாலும் ராத்திரியில்தான்.

நாம் எண்ணெய் விடுவது செவிப்பறைக்கு வெளியே. நோய் இருப்பது அதற்கு உள்ளே. கிழியாத செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் போகாது. வெதுவெதுப்பு கொஞ்சம் இதமாக இருக்கலாம், பல காதுகளில் வலி ஓரிரு நாளில் தானாகவும் அடங்கிவிடும். ஆனால் இந்தக் குழந்தைக்கு வலி சட்டென்று நின்றதற்குக் காரணம், செவிப்பறை கிழிந்து சீழ் வெளியே வந்ததுதான். அழுத்தம் இறங்கியது, வலியும் போய்விட்டது. நல்ல பேர் எண்ணெய்க்கு.

நான் மிகவும் வருத்தப்படுவது இதற்குத்தான். வலிக்கும்போது பதறுகிற வீடு, சீழ் வடியும்போது சும்மா இருந்துவிடுகிறது. “வலி இல்லையே டாக்டர்” என்பார்கள். இப்படி விழுந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் மாதக்கணக்கில் வடிந்தால் காது கேட்பது குறையும். வகுப்பில் டீச்சர் சொல்வது பாதிதான் விழும், பிள்ளைக்குக் கவனமில்லை என்று பேராகிவிடும். வடிவது கொஞ்சமாக இருந்தும் நாற்றம் அடித்தால் இன்னும் கவனம் வேண்டும். அது எலும்பை அரிக்கிற வகையாக இருக்கலாம். முக நரம்பு வரை, மூளை வரை போகக்கூடியது. வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் அரித்த காதுகளை ஆபரேஷன் டேபிளில் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களின் கதை வேறு. எங்கள் தென்காசிப் பக்கம் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால், காது அரிப்போடு வருகிறவர்களும் கூடிவிடுவார்கள். அருவியில் நின்ற ஈரம், எண்ணெய்க் குளியலில் காதுக்குள் விட்ட எண்ணெய், குடைவதற்கு பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு. இத்தனையும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்தது போல இருக்கும், மேலே கறுப்புப் புள்ளிகள். ஒரே நாளில் சுத்தமாகாது, இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே இருந்தால் பூஞ்சை இன்னும் கூடலாம். செவிப்பறையில் ஓட்டை இருக்கும் காதில் ஜென்டாமைசின் போன்ற சில சொட்டு மருந்துகள் உள்காதையே கெடுக்கக்கூடும். போன வருஷத்துப் பாட்டிலைத் தேடி எடுக்காதீர்கள்.

குரும்பி அழுக்கு இல்லை. அது காதுக்குக் காவல். காதுத் துவாரத்தின் தோல் மெதுவாக வெளிப்பக்கமாக நகர்ந்து அதைத் தானே வெளியே தள்ளிவிடும். பட்ஸ் போட்டால் உள்ளேதான் போகும்.

சரி, ராத்திரி குழந்தை அழுதால் என்ன செய்வது? எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். தலையைக் கொஞ்சம் உயர்த்தி மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். காலையில் காட்டுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றாலோ, கடும் காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் கோணுதல், ஓயாத வாந்தி என்று எது இருந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். புட்டிப்பால் கொடுப்பதானால் மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்காதீர்கள்.

எண்ணெய் விடலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு சமயத்தில்: உயிரோடு பூச்சி புகுந்து துடிக்கும்போது. அதுவும் ஓட்டை இல்லாத, சீழ் வடியாத காதில், ஆறிய தேங்காய் எண்ணெய் சில சொட்டு. பூச்சி அடங்கியதும் மருத்துவரிடம் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பயறோ கடலையோ போட்டுக்கொண்டிருந்தால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். பட்டன் பேட்டரி என்றால் எதையும் ஊற்றாமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சில மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும்.

அந்தக் குழந்தைக்குச் சீழை உறிஞ்சி எடுத்து, பொருத்தமான சொட்டு மருந்து கொடுத்து, காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு மாதத்தில் ஓட்டை மூடியது. கேட்கும் பரிசோதனையும் சரியாக வந்தது. அதுவரை தலைக்கு ஊற்றும்போதெல்லாம், தேங்காய் எண்ணெயில் தோய்த்துப் பிழிந்த பஞ்சைக் காது வாசலில் வைத்துவிட்டது ஆச்சிதான். குளித்து முடித்ததும் மறக்காமல் எடுத்துவிடுவாராம்.